அனோஷ் கொட்டிய கரை

“வேகமாத் தள்ளு சீமா. சினான் வந்து சேர்றதுக்குள்ள அந்தத் திருப்பத்தைத் தாண்டிரணும்,” என்றார் அனோஷ்.

அவர் மனைவி சிமாத் சக்கர நாற்காலியை நிறுத்திவிட்டு இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கினாள். சாகக் கிடக்கிற மனுஷன் பேசுகிற பேச்சா இது? அவளுக்கும் அறுபத்தைந்து தாண்டிவிட்டது. முழங்கால் இரண்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை.

“எதையாவது திருடிட்டா ஓடுறோம்? வர்றது உங்க கூடப்பிறந்த தம்பிதானே.”

“தம்பியா வர்றான்? என்னைப் பொட்டலம் கட்ட வர்றான்.”

அவர் சொன்னதில் பொய்யில்லை. காலையில் வந்த டாக்டர் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, “இன்னிக்கு ராத்திரி, மிஞ்சிப்போனா நாளைக்கு. சொல்ல வேண்டியவங்களுக்குச் சொல்லிடுங்க” என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். சொல்ல வேண்டியவன் சினான்தான். ஒரே மகன் ஸாம் ஆஸ்திரேலியாவில் இருக்கிறான். அவனிடம் சொல்லி, அவன் அழுது, இவள் சமாதானப்படுத்த இப்போது தெம்பில்லை. சினான் உடனே குருவுக்குப் போன் போட்டான். சாயங்காலம் குருவும் அவனும் இன்னும் சில ஆட்களும் வெள்ளுடை உடுத்தி, கையில் குடத்தோடு வருவதாக ஏற்பாடு.

ஆற்று முழுக்கையே மதமாகக் கொண்ட மந்தேயர்களுக்குள் இது மீற முடியாத சட்டம். போகிற உயிர் பழந்துணியோடு போகக் கூடாது. மூச்சு நிற்பதற்கு முன்பே, ஓடுகிற ஆற்றுத் தண்ணீரைத் தலையிலிருந்து கால்வரை மூன்று தரம் ஊற்றி, புது வெள்ளுடை உடுத்திவிட வேண்டும். மூச்சு நின்ற பிறகு உடுத்தினால் செல்லாது. உடுத்தாமல் போன உயிரை மேலே வாசலிலேயே நிறுத்தி வைத்துவிடுவார்கள். ஈரானின் அஹ்வாஸ் நகரத்து மந்தேய வீடுகளில் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டும்போதே இதையும் சேர்த்து ஊட்டிவிடுவது வழக்கம். ஆனால் சரியான நேரம் பார்த்துத் தண்ணீர் ஊற்றுவது இருக்கிறதே, அது லேசுப்பட்ட காரியமில்லை.

போன வாரம் அந்த நேரத்தைத் தப்பாகக் கணித்துவிட்டார்கள். அனோஷ் கண் செருகிக் கிடந்தார். சினான் பதறிப்போய் ஆற்றிலிருந்து கொண்டுவந்த குளிர்காலத் தண்ணீரை அப்படியே அண்ணன் தலையில் கவிழ்த்தான். மூன்றாவது குடத்தில் அனோஷ் எழுந்து உட்கார்ந்து, தம்பியின் தாடியைப் பிடித்துக்கொண்டு, லாரிக்காரர்களுக்கு மட்டுமே தெரிந்த வார்த்தைகளில் திட்டினார். உடுத்தப்போன வெள்ளுடையைப் பிடுங்கிக் கிழித்தும் போட்டார். தெருவே சிரித்தது. தெரு மரியாதையாக உஸ்தா என்று கூப்பிடும் அனோஷ் மேலே போய், அங்கே டீ சரியில்லை என்று திரும்பிவிட்டார் என்று பேசிக்கொண்டார்கள். சிமாத்தும் சேர்ந்து சிரித்தாள். பிறகு கிழிந்த துணியை எடுத்து மடித்து வைத்தாள்.

இன்று மத்தியானம் தூங்கி எழுந்தவர், கழுவி வைத்த குடங்கள் கூடத்தில் வரிசையாக இருப்பதைப் பார்த்துவிட்டார். அவ்வளவுதான். “என்னைப் பார்க்குக்குக் கூட்டிட்டுப் போ” என்று பிடித்த பிடியை விடவில்லை. சூரியன் வெள்ளைப் பாலத்தைத் தொடுவதற்குள் திரும்பிவிட வேண்டும் என்று அவரிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு கிளம்பினாள். அந்தச் சத்தியத்தை அவர் எண்ணெய் போடாத பிரேக்கை நம்புகிற அளவுக்கு மதிப்பார் என்பது அவளுக்குத் தெரியும். இருந்தாலும் கடைசி ஆசை. அதை மறுத்துவிட்டு நாளைக்கு யார் முகத்தில் விழிப்பது?

ஆற்றங்கரைப் பாதை சமமாக, சிமெண்டு போட்டு, தள்ளுவதற்குச் சுகமாக இருந்தது. கரூன் ஆறு இந்த வருஷமும் வற்றித்தான் கிடந்தது. நடுவில் சேற்றுத் திட்டுகள், அவற்றில் நாணல். சாக்கடை நாற்றம் லேசாக அடித்தது. ஆனால் ஓடியது. ஓடினால் போதும், அது சுத்தம்.

பார்க் வாசலில் நகராட்சி புதிதாக ஒரு பலகை நட்டிருந்தது. அனோஷ் நாற்காலியை நிறுத்தச் சொல்லி, கண்ணைச் சுருக்கிக்கொண்டு வாசித்தார்.

“பழங்காலம் தொட்டு இந்நகர மக்களின் நந்தவனமாக விளங்கிய... நந்தவனமாம்! எந்தப் படிச்ச கழுதை எழுதுனது?”

“சத்தம் போடாதீங்க, இருமல் வரும்.”

“வரட்டும். இங்க படகுத்துறை இருந்துச்சு சீமா. பேரீச்சை மூட்டை ஏத்துவாங்க. ஈராக்கோட சண்டை வந்துச்சு, மணல் மூட்டை ஏத்துனாங்க. அதோ அந்தக் கழிப்பறை இருக்கு பாரு, அங்கதான் விமானத்தைச் சுடுற பீரங்கி. அதுக்குக் காவல் இருந்தவன் ஒரு ஷூஷ்தர் ஊர்க்காரன். விமானம் வந்து குண்டு போட்டுட்டுப் போனப்புறம்தான் அவனுக்கு முழிப்பே வரும்.”

“மீதி இடம்?”

“மீதியெல்லாம் நான் கொட்டினது. இடிஞ்ச வீடு பூராவும். இவனுங்க அது மேல புல்லைப் போட்டுட்டு நந்தவனங்கிறானுங்க.”

இந்தக் கதை அவளுக்குத் தெரிந்ததுதான். சண்டைக் காலத்தில் குண்டு விழுந்த தெருக்களின் இடிபாடுகளை நகராட்சி லாரிகள் அள்ளிக்கொண்டு போய் ஆற்றோரம் கொட்டின. அந்த லாரிகளில் ஒன்றை ஓட்டியவர் அனோஷ். ஓய்வு பெற்ற பிறகும் தினமும் சாயங்காலம் இங்கே வந்துவிடுவார். சீட்டாட வருகிறார், வெட்டிப் பேச்சுப் பேச வருகிறார் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். வீட்டில் காலைச் சுற்றிச் சுற்றி வராமல் இருந்தால் சரி என்று விட்டுவிட்டாள்.

சமோசா வண்டிக்காரன் கஸ்பான் தூரத்திலேயே பார்த்துவிட்டுக் கையைத் தூக்கினான். “உஸ்தா! நீங்க செத்துட்டதா சொன்னாங்களே!”

“செத்தேன். உன் சமோசா நினைப்பு வந்துச்சு, திரும்பிட்டேன்.”

“அடக் கடவுளே, என் சமோசா சாப்பிட்டுச் செத்தவன் உண்டு, பிழைச்சவனை இப்பத்தான் பாக்குறேன்!” என்று சொல்லிக்கொண்டே ஒன்றைக் காகிதத்தில் வைத்து நீட்டினான். டாக்டர் உப்பே கூடாது என்றிருந்தார். சிமாத் தடுக்கவில்லை. அனோஷ் ஒரு கடி கடித்து, அதை முழுங்க முடியாமல் வாயிலேயே வைத்துக்கொண்டிருந்தார். கஸ்பான் சட்டென்று பார்வையைத் திருப்பிக்கொண்டு எண்ணெயைக் கிளறத் தொடங்கினான்.

கைப்பையில் போன் அடித்தது. சினான்தான்.

“அண்ணி, எங்க இருக்கீங்க? வீடு பூட்டிக் கிடக்கு. குரு வந்துட்டார்.”

“சும்மா ஆத்தோரம் நடந்துட்டு இருக்கோம்பா. அவர் ஒரே பிடிவாதம். இதோ திரும்பிடறோம்.”

“ஆத்தோரமா? இந்த நிலைமையிலயா? உங்களுக்குப் புத்தி இருக்கா அண்ணி? வழியில ஏதாவது ஆயிட்டா? அவர் வாசல்ல நிக்கட்டும்னு நினைக்கிறீங்களா?”

“நான் அப்படி நினைப்பேனா?” என்றாள் சிமாத். இந்த மனுஷனோடு இவ்வளவு காலம் மல்லுக்கட்டியாகிவிட்டது. சண்டையில் வீடு போய், ஊரில் பாதிப் பேர் கடல் தாண்டிப் போய், மகனும் போய், மிஞ்சியது இவர் ஒருத்தர்தான். மேலேயாவது இரண்டு பேரும் ஒரே பக்கம் இருக்க வேண்டாமா? அவள் தனக்கும் ஒரு வெள்ளுடை தைத்து அலமாரியில் வைத்திருந்தாள். ஒன்றை மட்டும் அவள் கடவுளிடம் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்: அவர் முறையாகப் போக வேண்டும், பின்னாலேயே தானும் போக வேண்டும்.

போனைப் பையில் போட்டுவிட்டு நாற்காலியைத் திருப்பினாள்.

“திருப்பாதே,” என்றார் அனோஷ். “இன்னும் கொஞ்ச தூரம். அந்த ஊஞ்சலுக்குப் பின்னாடி.”

“சத்தியம் பண்ணீங்க.”

“பண்ணேன். இன்னும் சூரியன் இருக்குல்ல?”

ஊஞ்சல்களைத் தாண்டி, கம்பி வேலிக்குப் பக்கத்தில் ஒரு சிமெண்டு பெஞ்சு இருந்தது. அதைச் சுற்றி மட்டும் புல் சரியாக வளரவில்லை. அனோஷ் அந்தப் பெஞ்சில் உட்கார வேண்டும் என்றார். நாற்காலியே உட்காரத்தானே என்று அவள் சொன்னது அவர் காதில் ஏறவில்லை. அக்குளில் கை கொடுத்துத் தூக்கினாள். என்ன கனம் கனத்தவர். இப்போது எலும்பும் துணியுமாக வந்துவிட்டார். உட்கார வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

வெகு நேரம் அவர் காலுக்குக் கீழே இருந்த மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “நீ வருஷா வருஷம் கல்லறைக்குப் போறது எனக்குத் தெரியும்,” என்றார்.

சிமாத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. மந்தேயர்கள் கல்லறைக்குப் போய் நிற்பதில்லை. உடம்பு கழற்றிப்போட்ட சட்டை, அதன்முன் நின்று என்ன ஆகப்போகிறது என்பார்கள். அழக்கூடக் கூடாது, ஒவ்வொரு கண்ணீரும் போகிற உயிர் கடக்க வேண்டிய ஆற்றை அகலமாக்கும். அக்கா வீட்டுக்குப் போகிறேன், சந்தைக்குப் போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டுத்தான் அவள் போய்வருவாள். மேட்டுக் கல்லறையின் ஓரத்தில் ஒரு முழ நீளத்துக்கு மண் குவித்த இடம். அங்கே அவர்கள் மகள் நூரா இருக்கிறாள்.

சண்டைக் காலத்தில் பிறந்த நூரா அப்போது பால்குடிகூட மறக்கவில்லை. சண்டைக்குப் பயந்து குருமார்கள் ஊரை விட்டுப் போயிருந்ததால் பிள்ளைக்குச் செய்ய வேண்டிய ஆற்று முழுக்குச் சடங்குகூட ஆகவில்லை. பிள்ளையை வீட்டில் தூங்கவிட்டு, சிமாத் தெருமுனை ரொட்டிக் கடை வரிசையில் நின்றிருந்தபோது குண்டு விழுந்தது. திரும்பிப் பார்த்தபோது தெரு இருந்த இடத்தில் புழுதி இருந்தது. முழுக்கு ஆகாத பிள்ளைக்கு எந்தச் சடங்கும் கிடையாது, வெள்ளுடையும் கிடையாது. அனோஷ் தனியாகத் துணியில் சுற்றிக்கொண்டு போய்ப் புதைத்துவிட்டு வந்தார். முகத்தைக் காட்டு என்று இவள் கத்தியபோது, வேண்டாம் என்று சொல்லிப் பெண்கள் இவளைப் பிடித்துக்கொண்டார்கள்.

“தெரிஞ்சா என்ன? போனேன். பெத்தவ போகக் கூடாதா?”

“போகலாம்.” அனோஷ் மூச்சை இழுத்துப் பிடித்தார். நெஞ்சுக்குள் தண்ணீர் களகளவென்றது. “ஆனா அங்க அவ இல்லை சீமா.”

“என்ன உளறல்?”

“அது தலையணை. தலையணையைச் சுத்தித்தான் புதைச்சேன்.”

ஊஞ்சலில் யாரோ ஒரு சின்னப் பெண் ‘இன்னும் மேல, இன்னும் மேல’ என்று கத்தினாள்.

“ரெண்டு நாள் கையாலேயே தோண்டினேன். ஒண்ணும் கிடைக்கலை. அப்புறம் தெருவைக் காலி பண்ணச் சொல்லி உத்தரவு வந்துருச்சு. வேற எவனாவது ஓட்டுனா எங்க கொட்டுவான், எப்படிக் கொட்டுவான்? நம்ம தெருவுக்கு நான்தான் போவேன்னு சண்டை போட்டு வாங்கினேன். நம்ம வீட்டை நான்தான் ஏத்தினேன். இங்கதான் கொண்டுவந்தேன்.” அவர் காலால் மண்ணைத் தொட்டார். “மெதுவாத்தான் சாய்ச்சேன் சீமா. லாரித் தொட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாத் தூக்கி... பின்னாடி நின்ன லாரிக்காரன் ஹாரனை விடாம அடிச்சிட்டே இருந்தான். நான் மெதுவாத்தான் சாய்ச்சேன்.”

சிமாத் எழுந்துவிட்டாள். எழுந்து, வேலி ஓரமாக விறுவிறுவென்று நடந்தாள். எத்தனை வருஷம்! வெயிலில் மேடேறிப் போய், ஒரு தலையணைக்கு முன்னால் உட்கார்ந்து, ‘பல் முளைச்சிருக்கும், பள்ளிக்கூடம் போயிருப்பே, கல்யாணம் ஆகியிருக்கும்’ என்று பேசிவிட்டு வந்திருக்கிறாள். இந்த மனுஷன் வீட்டில் உட்கார்ந்துகொண்டு, சந்தையில் என்ன வாங்கினாய் என்று கேட்டிருக்கிறார். பாவி. படுபாவி. அப்படியே விட்டுவிட்டுப் போய்விடலாம் என்று வந்தது அவளுக்கு. கிடக்கட்டும், தனியாகக் கிடந்து சாகட்டும். வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கம்பி சில்லென்று இருந்தது.

பிறகு, அவர் தினமும் சாயங்காலம் எங்கே வந்து உட்கார்ந்தார் என்பது உறைத்தது. மழை நாளிலும் குடையோடு கிளம்புவார். சீட்டு விளையாடுகிற கிழவர்கள் ஒருத்தரையும் அவள் இங்கே இன்றைக்குப் பார்க்கவில்லை.

திரும்பி வந்தாள். அவர் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தார். தூக்கி நிமிர்த்தித் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

“சொல்லியிருக்கலாம்ல?” என்றாள்.

“சொன்னா நீ இந்த மண்ணைத் தோண்டியிருப்பே.”

தோண்டியிருப்பாள்தான்.

“அதுக்காகவா போன வாரம் அந்த வெள்ளுடையைக் கிழிச்சீங்க?”

அனோஷ் தலையசைத்தார். ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவே இப்போது நீளமாக இடைவெளி விழுந்தது. “அதைப் போட்டுட்டுப் போனா நேரா உள்ள விட்டுருவாங்க. அவ வாசல்ல நின்னுட்டு இருப்பா. குட்டிப் பொண்ணு. இத்தனை வருஷமா நிக்கிறா. நான் அவளைத் தாண்டி உள்ள போகணுமா?”

“அப்ப நான்?”

“நீ முறைப்படி வா.”

“பேசுறதைப் பாரு. நீங்க ரெண்டு பேரும் வெளிய நிப்பீங்க, நான் மட்டும் உள்ள போய் என்ன பண்றது?”

“ஒருத்தராவது அவகூட நிக்கணும்ல,” என்றார் அனோஷ்.

வெளிச்சம் மஞ்சளாகிவிட்டிருந்தது. பாலத்தின் வெள்ளை வளைவில் சூரியன் வந்து உட்கார்ந்தது. இப்போது கிளம்பினால்கூட வீட்டுக்குப் போய்விடலாம். கஸ்பானைக் கூப்பிட்டால் ஓடி வந்து தூக்கிவிடுவான். அவர் மூச்சு மாறியதை அவள் தன் தோளிலேயே உணர்ந்தாள். இழுப்பு நீளமாகவும் விடுவது குட்டையாகவும் வந்தது. இந்த மூச்சு அவளுக்குத் தெரியும். அவளுடைய அப்பாவுக்கு இப்படித்தான் வந்தது. அப்போது ஆட்கள் பாய்ந்து போய்க் குடத்தை எடுத்தார்கள்.

போன் அடித்தது.

“அண்ணி! எங்கதான் இருக்கீங்க? குரு கத்துறார். நாங்க கார்லயே வர்றோம், தண்ணி, துணி எல்லாம் எடுத்தாச்சு. பார்க்கா இருந்தா என்ன, நாலு பேர் துணியைப் பிடிச்சு மறைச்சுக்கலாம். எந்த இடம், சொல்லுங்க.”

சிமாத் அனோஷைப் பார்த்தாள். அவர் கண்ணைத் திறந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கெஞ்சுகிற பார்வை இல்லை. லாரியைப் பின்னால் எடுக்கும்போது அவள் கீழே நின்று கை காட்டுவாளே, அப்போது கண்ணாடியில் பார்ப்பாரே, அந்தப் பார்வை.

“அண்ணி, கேக்குதா? அவர் மூச்சு இருக்கா?”

“இருக்கு.”

“எங்க?”

“பாலத்தைத் தாண்டி வந்துட்டோம்பா,” என்றாள் சிமாத். “எதிர்க்கரையில. அந்தப் பக்கத்துப் பார்க்.”

“பாலத்தையே தாண்டிட்டீங்களா? அந்த நாற்காலியிலயா?”

“அவர் கேட்டார்.”

“அங்கேயே இருங்க, நகராதீங்க. இதோ வந்துட்டோம்.”

போனை மடியில் வைத்தாள். அனோஷின் உதடு அசைந்தது. காதைக் கொண்டுபோய் வைத்தாள்.

“பொய் சொல்றே,” என்றார்.

“ஆமா. உங்ககிட்டக் கத்துக்கிட்டது.”

அவர் முகத்தில் சிரிப்பு வந்த மாதிரி இருந்தது. அவள் அவருடைய கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்கும் நடுவில் வைத்துக்கொண்டாள். ஸ்டியரிங் பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன கை. ஊஞ்சல் பெண்ணை அவள் அம்மா இழுத்துக்கொண்டு போனாள். அந்தப் பெண் அழுதுகொண்டே போனாள். கஸ்பான் வண்டி விளக்கைப் போட்டான். ஒரு இழுப்பு வந்தது. அடுத்தது வரத் தாமதித்தது, வந்தது. அதற்கடுத்ததற்காக சிமாத் காத்திருந்தாள். ரொம்ப நேரம் காத்திருந்தாள்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு கார் வந்து நின்றது. வெள்ளுடை உடுத்திய ஆட்கள் இறங்கினார்கள். இங்கிருந்து பார்க்கச் சின்னச் சின்னதாக இருந்தார்கள். கரையோரம் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடினார்கள், மரத்தடியில் உட்கார்ந்திருந்தவர்களிடம் ஏதோ கேட்டார்கள், திரும்ப ஓடினார்கள். அதில் ஒருவன் மட்டும் படியிறங்கிப் போய், குனிந்து, குடத்தில் தண்ணீர் மொண்டு தயாராக வைத்துக்கொண்டான். நடையைப் பார்த்தால் சினான் மாதிரித்தான் இருந்தது.

மடியில் போன் அடித்தது. அடித்து ஓய்ந்தது. மறுபடியும் அடித்தது.

ஆற்றுக் காற்று குளிர்ந்துவிட்டிருந்தது. சிமாத் திரும்பி, அனோஷின் பழைய பழுப்புக் கோட்டின் பொத்தான்களைக் கீழேயிருந்து ஒவ்வொன்றாகக் கழுத்துவரை போட்டுவிட்டாள்.